குணமாகாதவர்களின் கணக்கு

இன்றைய விசுவாசிகளால் அற்புதம் செய்ய முடியுமா, நோயைக் குணமாக்க முடியுமா என்ற கேள்வியை இறையியல் கல்லூரியில் கேட்கலாம். மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் கேட்கலாம். கேட்கும் இடத்தைப் பொறுத்துக் கேள்வியின் எடை மாறுகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டமும் அதையடுத்து வந்த மற்றத் தோட்டங்களும் தமிழர் உழைப்பில் எழுந்தவை. இன்று சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான் என்றாலும், பழைய தோட்டக் குடும்பங்கள் இன்னும் அங்கே உண்டு. தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் சிறப்பு மருத்துவம் வேண்டுமென்றால் மலையிறங்கித்தான் ஆகவேண்டும். தாப்பா வரை மட்டும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. ஒரு முழு நாள், வண்டிச் செலவு, துணைக்கு ஓர் ஆள் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு தடவை டாக்டரைப் பார்க்க முடியும். ஜெபக்கூட்டமோ பக்கத்து வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. இந்தத் தூரக் கணக்கைப் பார்க்காமல் சுகமளிக்கும் ஊழியத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

தோட்டத்துத் தமிழனுக்கு நோய் வெறும் உடம்புச் சங்கதியாக இருந்ததில்லை. காய்ச்சலுக்குத் தோட்ட மருந்தகத்து டிரெஸர் மாத்திரை கொடுப்பார். ஆனால் காய்ச்சல் ஏன் தனக்கு வந்தது, ஏன் இப்போது வந்தது என்ற கேள்வியைக் கோயிலில் சாமியாடியிடம்தான் கேட்க முடிந்தது. செய்வினை, கண்ணேறு, காத்துக்கருப்பு, திருநீறு, எலுமிச்சை என்று அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. ஐரோப்பிய மிஷனரிகள் வளர்த்த பழைய சபைகள் இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கின. பதிலுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொடுத்தன. பெரிய கொடைதான், சந்தேகமில்லை. ஆனால் கேட்ட கேள்வி கேட்டபடியே நின்றது. சென்னையின் ஏழைக் கிறிஸ்தவர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் லயனல் கேப்லன் 1980களில் சுட்டிக்காட்டியது இதைத்தான்: சாமானியனின் பேய்ப் பயத்தையும் செய்வினைப் பயத்தையும் பெரிய சபைகள் காதில் போட்டுக்கொள்ளாத இடத்தில் பெந்தெகொஸ்தே ஊழியர்கள் நுழைந்தார்கள். பேய் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறது, இயேசுவின் பெயர் அதைவிடப் பெரியது என்றார்கள். 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் 1930களிலேயே மலாயாவுக்கு வந்ததும், அது தமிழர்களிடையே வேர்விட்டதும் இந்தப் பின்னணியில் வியப்பல்ல.

இந்த நடைமுறையின் பலத்தைச் சொல்லும்போது பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரைச் சொல்லி, தலையில் கைவைத்து, எண்ணெய் பூசி, பத்துப் பேர் ஒரே குரலில் அவருக்காக அழுவது சாதாரண விஷயமில்லை. அரசாங்க கிளினிக்கில் எண்ணாகக் காத்திருக்கும் ஒருவர் அங்கே மனிதராகிறார். கணவன் குடியை நிறுத்துகிறான், சண்டையிட்ட அண்ணன் தம்பி பேசிக்கொள்கிறார்கள், தூக்கம் வராதவளுக்குத் தூக்கம் வருகிறது. இவற்றை அற்புதம் என்று விசுவாசி சொன்னால் மறுக்க எனக்கு மனமில்லை. வலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மனச்சோர்வு ஆகியவை நம்பிக்கையாலும் எதிர்பார்ப்பாலும் தணியக்கூடியவை என்பதை மருத்துவமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்தப் பலன்கள் எல்லாம் ஜெபிக்கும் கூட்டத்துக்கு உரியவை. மேடையில் நிற்கும் ஒருவரிடம் இருப்பதாகச் சொல்லப்படும் வல்லமைக்கு இவற்றைச் சாட்சியாக்க முடியாது. நம் ஊழியர்கள் சட்டென்று தாண்டிப் போகும் வரப்பு இது.

வேதாகமமே அந்த வரப்பைப் போட்டிருக்கிறது. தம்மை நம்புகிறவர்கள் தாம் செய்ததைவிடப் பெரிய செயல்களைச் செய்வார்கள் என்ற இயேசுவின் வாக்கு யோவான் 14இல் உண்டு. விசுவாசிகள் நோயாளிகள்மேல் கைவைத்தால் சுகமடைவார்கள் என்று மாற்கு நற்செய்தியின் கடைசிப் பகுதியும் சொல்கிறது. இரண்டாவது பகுதி மிகப் பழைய கையெழுத்துப் படிகளான சினாய், வத்திக்கான் படிகளில் இல்லை என்பதைச் சுகமளிக்கும் கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைவிட முக்கியம் பவுலின் வாழ்க்கை. லீஸ்திராவில் முடவனை நடக்கவைத்தவர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லும் அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அவருடைய உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து சாவின் விளிம்புவரை போகிறார். பவுல் தன் உடலில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. குணமாக்கும் வரம் எல்லோருக்கும் உண்டா என்று கொரிந்தியரிடம் கேட்கும்போது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார். முதல் நூற்றாண்டு அப்போஸ்தலரின் கையிலேயே நினைத்தபோது திறக்கும் சாவி இல்லை. ஆக, இன்றைய விசுவாசியால் முடியுமா என்பதற்கு முன்னால், அன்றைய விசுவாசியால் அந்தப் பொருளில் முடிந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அற்புதங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்பவர்கள் சொல்வது சரியா? அமெரிக்கச் சீர்திருத்தச் சபை இறையியலாளர் பி. பி. வார்ஃபீல்டு 1918இல் அதை ஒரு நூலாகவே வாதிட்டார். எனக்கு அந்த வாதம் வசதிக்காகக் கட்டியதாகவே படுகிறது. வரங்கள் இன்ன தேதியோடு முடியும் என்று புதிய ஏற்பாட்டில் தெளிவாக எங்கும் சொல்லப்படவில்லை. ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் முதலில் அற்புதங்கள் தம் காலத்துக்கு உரியவை அல்ல என்ற தொனியில் எழுதியவர். முதுமையில் மனம் மாறி, ஹிப்போ நகரில் இரண்டாண்டுக்குள் ஏறத்தாழ எழுபது குணமாதல்கள் எழுத்தில் பதிவானதாக ‘கடவுளின் நகரம்’ நூலில் குறிப்பிட்டார். கடவுள் உண்டென்று நம்புகிறவர் அவர் இன்று செயல்படமாட்டார் என்று கோடு கிழிக்க வழியில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறிய கேள்வி: செயல்பட்டார் என்று ஒரு குறிப்பிட்ட ஊழியர், ஒரு குறிப்பிட்ட நோயாளியைக் காட்டிச் சொல்லும்போது, அதை நம்ப என்ன ஆதாரம்?

ஆதாரத்தைத் தேடியவர்கள் இருக்கிறார்கள். 2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழு அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேரை மூன்றாகப் பிரித்தது. தமக்காக ஜெபம் நடக்கிறதா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுகள் வந்தன. ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் அது 59 விழுக்காடு. நேர்மாறாக, கேண்டி கன்தர் பிரவுன் குழு 2010இல் வெளியிட்ட மொசாம்பிக் ஆய்வில், கைவைத்து ஜெபித்த பிறகு 24 பேரின் செவித்திறனிலோ பார்வையிலோ அளவிடக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. இந்த ஆய்வை ஏளனம் செய்யத் தேவையில்லை; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை, ஆட்களும் கொஞ்சம், சூழலோ உணர்ச்சி பொங்கும் கூட்டம். கடவுளை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கூடாது, அவர் மருந்தல்ல என்று விசுவாசிகள் பென்சன் ஆய்வுக்குப் பதில் சொல்கிறார்கள். நியாயமான பதில். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்கு வந்தால் சுகம் நிச்சயம் என்று போஸ்டர் ஒட்டுகிறவரால் அதே பதிலைச் சொல்ல முடியாது. நேரமும் இடமும் குறித்துக் கொடுப்பவரும் கடவுளைச் சோதிக்கத்தானே செய்கிறார்?

எந்த நோய்கள் சாட்சிக்கு வருகின்றன என்று பார்த்தால் இன்னொன்று புலப்படும். இடுப்பு வலி, முழங்கால் வலி, தலைவலி, ஒவ்வாமை, காரணம் தெரியாத சோர்வு ஆகியவைதான் அதிகம். சரிவில் நின்று முதுகில் பாரம் சுமந்தவர்களுக்கு முதல் இரண்டும் பழகிப்போனவை. இவை ஏறியிறங்கும் நோய்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் கூட்டத்துக்குப் போகிறார். உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தான், போனாலும் போகாவிட்டாலும். வெட்டிய விரல் மறுபடி முளைத்ததாகச் சாட்சி வருவதில்லை. இது குதர்க்கமான கேள்வி அல்ல, ஏனென்றால் இனிப்புநீரால் வெட்டப்பட்ட விரல்கள் மலேசியத் தமிழரிடையே அரிதல்ல. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். இந்த நோயின் குணமே சத்தம் போடாமல் அரிப்பதுதான். மருந்தை நிறுத்திய முதல் வாரத்தில் எதுவும் தெரியாது; உடம்பு லேசாக இருப்பதாகக்கூடத் தோன்றும்; அதைச் சாட்சியாகவும் சொல்லலாம். சிறுநீரகமும் கண்ணும் காலும் கணக்குக் கேட்பது ஆண்டுகள் கழித்து. அப்போது அந்த மேடையும் இருக்காது, அந்த ஊழியரும் வேறு ஊரில் இருப்பார்.

சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் (இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன்) ஒரு வகையில் நேர்மையானது. அதன் முழுநேர ஊழியர்கள் மருந்தைத் தொடுவதில்லை. ஊருக்கு உபதேசித்ததைத் தம் உடம்பிலேயே கடைப்பிடிக்கிறார்கள். அந்த நிலைப்பாடு எனக்கு ஆபத்தாகப் படுகிறது, ஆனால் அதில் இரட்டை வேடம் இல்லை. மற்ற இடங்களில் நிலைமை குழப்பமானது. ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியத்தால் உலகத் தமிழர் அறிந்த டி. ஜி. எஸ். தினகரன் நெடுங்காலம் உடல்நலக் குறைவோடு போராடி, மருத்துவமும் பெற்று, 2008 பிப்ரவரியில் மறைந்தார். இதைச் சொல்லி அவரை எள்ளி நகையாடுவது மலிவானது. பவுலுக்கு நீங்காத முள் தினகரனுக்கு ஏன் நீங்கியிருக்க வேண்டும்? ஆனால் மேடையில் இருப்பவருக்குக் கிடைக்கும் இந்த இரக்கமான வியாக்கியானம் கீழே நாற்காலியில் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். ஊழியர் நோயுற்றால் அது கடவுளின் ஆழ்ந்த திட்டம், தோட்டத்துப் பெண் நோயுற்றால் அது அவளுடைய விசுவாசக் குறைவு என்றால் அது இறையியல் அல்ல, அந்தஸ்து. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து காயப்பட்ட பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அவருக்காக ஜெபித்தவர்களின் விசுவாசத்தை யார் குறை சொல்ல முடியும்? அவருடைய அதே கிறிஸ்தவம்தான் வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடரை 1900இல் ஒரு சிறிய மருந்தகம் தொடங்கவைத்தது. அதுவும் சுகமளிக்கும் ஊழியம்தான், மேடையில்லாத ஊழியம்.

இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் எளியவர்களின் நம்பிக்கை உடைந்துவிடும், அவர்களுக்கு வேறென்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இதுதான் இருக்கும் எதிர்வாதங்களில் கனமானது. ஆனால் உண்மையில் நம்பிக்கையை உடைப்பது எது என்று பார்க்க வேண்டும். குணமாகவில்லை என்பதால் சபையை விட்டுப் போனவர்களைவிட, குணமாகாததற்கு நீதான் காரணம் என்ற பேச்சைக் கேட்டுப் போனவர்களின் காயம் ஆழமானது. நோயோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. யாக்கோபின் நிருபம் சொல்லும் முறையைப் பாருங்கள்: நோயாளி கூட்டத்துக்குப் போவதில்லை, சபையின் மூப்பர்களை வீட்டுக்கு அழைக்கிறார். அவர்கள் வந்து, எண்ணெய் பூசி, ஜெபிக்கிறார்கள். அவர் குணமானாலும் குணமாகாவிட்டாலும் அந்த மூப்பர்கள் அதே ஊர்க்காரர்கள். அடுத்த வாரமும் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். தோட்டத்து வீட்டு ஜெபக்கூட்டம் இந்த முறைக்கு வெகு அருகில் இருக்கிறது. நகரத்து அரங்கில் ஒலிபெருக்கியோடு நடக்கும் விழா வெகு தொலைவில் இருக்கிறது. ஒரே பெயரில் வழங்கும் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாராட்டுவதும் ஒன்றாக வைத்துத் திட்டுவதும் தவறு.

சாட்சிகளைச் சரிபார்ப்பது அவிசுவாசம் என்ற பேச்சுக்கும் சபை வரலாற்றில் இடமில்லை. ஹிப்போவில் குணமானவர்களை எழுதிக் கொடுக்கச் சொன்னவர் ஆயரான அகுஸ்தீன். பிரான்சின் லூர்து நகரில் குணமாதல்களைச் சரிபார்க்க 1883 முதல் மருத்துவக் குழு இயங்குகிறது. 7,000க்கும் மேற்பட்ட குணமாதல் பதிவுகளில் அற்புதம் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டவை எழுபதை ஒட்டியே இருக்கின்றன. மலேசியத் தமிழ்ச் சபைகளுக்கு லூர்தின் வசதி தேவையில்லை. ஜெபத்துக்கு வந்தவரின் நோய், கிளினிக் அட்டையில் உள்ள சர்க்கரை அளவு, ஆறு மாதம் கழித்து அதே அளவு, மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்பது வரை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குணமாகாதவர்களின் பெயர்களும் அதில் வரிசையாக ஏற வேண்டும். அவர்களைத் தானா ராத்தா மருத்துவமனைக்கோ மலையிறங்கி ஈப்போவுக்கோ அழைத்துப்போக அந்த வாரம் யாருடைய வண்டி போகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.