எல்லையில் சறுக்கும் துகள்கள்

விண்மீன்களுக்கு மூலப்பொருள் வாயு. அதை ஒளியாண்டுக் கணக்கில் அள்ளிவந்து சோதிக்க வழியில்லை என்பதால் வானியலாளருக்குக் கணினியே ஆய்வுக்கூடம். 1977-ல் லியான் லூசி தனியாகவும், ராபர்ட் கிங்கோல்டும் ஜோ மோனகனும் சேர்ந்தும் ஒரே யோசனைக்கு வந்தார்கள்: பாய்மத்தைத் துகள்களாக்கிவிடுவோம், ஒவ்வொரு துகளின் அடர்த்தியையும் அக்கம்பக்கத்துத் துகள்களைக் கொண்டு சராசரியாகக் கணக்கிடுவோம். எஸ்.பி.எச். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை இதுதான்.

வானியலுக்கு இது நன்றாகவே பொருந்தியது. வெற்றுவெளிக்காகக் கணக்கு வீணாவதில்லை. வாயு குவியும் இடத்தில் துகள்களும் குவிவதால் நுணுக்கம் தானாகக் கூடுகிறது. கோண உந்தமும் கசிவதில்லை. இளம் பூமியின் மேல் ஒரு கோள் மோதி நிலா பிறந்ததை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் இந்த முறையையே நாடியதில் வியப்பில்லை.

கோளாறு இரண்டு பாய்மங்கள் உரசும் இடத்தில்தான். 2007-ல் ஆஸ்கர் அகெர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். சுற்றியுள்ள வாயுவைவிட 10 மடங்கு அடர்ந்த, குளிர்ந்த மேகம். அதன்மேல் ஒலியைப்போல் 2.7 மடங்கு வேகத்தில் வீசும் சூடான வாயு. வெளியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் நிரல்களில் மேகத்தின் ஓரத்தில் சுழிகள் கிளம்பி அதைக் கிழித்துக் கரைத்தன. எஸ்.பி.எச். நிரல்களில் மேகம் அப்படிக் கரையவில்லை.

காரணம் நுட்பமானது. சராசரி எடுக்கும்போது எல்லையில் அடர்த்தி மழுங்கிச் சரிவாகிறது. வெப்பநிலையோ துகளுக்குத் துகள் சட்டென்று தாவுகிறது. இரண்டையும் பெருக்கித்தான் அழுத்தம் வருகிறது. ஆகவே எல்லையில் இல்லாத அழுத்தம் முளைத்து, துகள்கள் விலகி, நடுவே இடைவெளி விழுகிறது. வாயுவும் வாயுவும் எண்ணெயும் தண்ணீருமாக நிற்கின்றன. பலமாக இருந்த அதே சராசரிதான் இங்கே காலை வாருகிறது. துகள்களைப் பெருக்கினால் போதும் என்பாரும் உண்டு. சராசரிக்குள் வரும் அண்டைத் துகள்களைக் கூட்டாமல் மொத்தத்தை மட்டும் கூட்டினால் பிழை ஒழியாது.

கட்ட முறையும் உத்தமமானதல்ல. வாயு கட்டங்களை வேகமாகக் கடக்கும்போது இயற்கையில் இல்லாத கலப்பு நேர்கிறது. அந்தக் கலப்பின் அளவைக் கட்டத்தின் அளவே தீர்மானிக்கிறது. கரைந்த மேகம் எல்லாம் சரியாகக் கரைந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு ஒட்டுப்போடல்கள் வந்தன. டேனியல் பிரைஸ் 2008-ல் எல்லையில் செயற்கையாக வெப்பம் கடத்தச் சொன்னார். சுழிகள் திரும்ப வந்தன; ஆனால் எவ்வளவு கடத்துவது என்று நிரல் எழுதுபவர்தான் முடிவுசெய்கிறார். வாயுவோடு கூடவே நகரும் கட்டங்களை வைத்து வோல்கர் ஸ்பிரிங்கல் 2010-ல் வெளியிட்ட ‘அரெப்போ’ நிரல் என் பார்வையில் இன்னும் நேர்மையான தீர்வு. இதையும் பழைய எஸ்.பி.எச். நிரலையும் 2012-ல் ஒப்பிட்டபோது, பழையதில் விண்மீன் திரள்களைச் சுற்றித் திரிந்த குளிர்ந்த வாயுத் திட்டுகள் பல புதியதில் காணப்படவில்லை. அந்தத் திட்டுகளை நம்பி எழுதிய முடிவுகள் மறுபரிசீலனைக்கு உரியவை.

குளிர்ந்த வாயுவும் சூடான வாயுவும் உரசும் எந்த ஆய்வானாலும், வேறு முறையில் கணக்கிட்ட இன்னொரு விடையையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி ஆய்விதழ்கள் கேட்க வேண்டும்.