மூச்சு வாங்காமல் ஆல்ப்ஸ்

ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் ஓட்ட வேண்டுமானால் காலில் அசுர பலம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அன்சிக்கு ஒரு முறை போய்வர வேண்டும். தென்கிழக்கு பிரான்சில், ஜெனீவாவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் அழகான ஏரிக்கரை ஊர் அது. அங்கிருந்து ஆல்பர்வில் வரை சுமார் 45 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. முதலில் ஏரிக்கரை, பிறகு மலைப் பள்ளத்தாக்கு. இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் கண்ணெதிரே நிற்கும். நீங்களோ பக்கத்தில் வருகிறவரோடு கதை பேசியபடி மிதித்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஓட்டிய பாதைகளில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாதை இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணம் ரயில். அன்சியையும் ஆல்பர்வில்லையும் இணைக்கும் ரயில் பாதை 1901-ல் திறக்கப்பட்டது. செங்குத்தான ஏற்றத்தில் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காமல் வழுக்கும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, குறுக்கே வந்த பாறையைக் குடைந்து, மலைகளுக்கு நடுவே மிக மென்மையான சரிவில் ஒரு வழியை உண்டாக்கினார்கள். பிறகு ரயிலும் நின்றது, தண்டவாளமும் போனது. அந்தத் தடம் மட்டும் தார் பூசிக்கொண்டு சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது. நீராவி எஞ்சினுக்காகப் பட்ட பாடெல்லாம் இன்று நம் முழங்காலுக்குக் கிடைத்த வரம்! வழியில் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளர்களுக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

அன்சியை விட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். ஏரித் தண்ணீர் தியூ என்ற சின்ன ஆறாக ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அதன் நடுவில், தண்ணீரைக் கிழிக்கும் கூர்முனையோடு, ஒரு காலத்தில் சிறையாக இருந்த பலே து லீல் என்ற பழைய கல் கட்டடம் நிற்கிறது. காலை வேளையில் கூட்டம் சேர்வதற்குள் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தால், ஏரியின் மேற்குக் கரையைப் பிடித்துத் தெற்கே போகலாம்.

அந்தத் தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வேன்! கரையோரத்தில் வெளிர்பச்சை; சற்றுத் தள்ளி மயில்கழுத்து நீலம்; நடுவில் கருநீலம். சுமார் 27 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியின் அடியில் கிடக்கும் கூழாங்கற்களைக் கரையில் நின்றே எண்ணலாம் போலிருக்கிறது. இது தானாக வாய்த்த தூய்மை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் இதில்தான் கலந்தது. உள்ளூர் மருத்துவர் போல் செர்வெத்தாஸ், ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று ஊர் ஊராக எச்சரித்தார். 1957-ல் கரையோர ஊராட்சிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. ஏரியைச் சுற்றிக் குழாய் பதித்து, கழிவுநீர் ஒரு சொட்டும் உள்ளே போகாதபடி திருப்பிவிட்டார்கள். இன்று அன்சி மக்கள் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நீலம் இன்னும் அழகாகத் தெரிகிறது, எனக்குத் தெரிந்தது.

செவ்ரியே ஊரைத் தாண்டும்போது வலப்பக்கம் எழும்புவது செம்னோ மலை. 2013 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி மலைக்கட்டம் இதன் உச்சியில்தான் முடிந்தது. கொலம்பியாவின் நைரோ கின்டானா அன்று முதலாவதாக வந்தார். உலகின் மிகச் சிறந்த வீரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிய அதே மலையின் அடிவாரத்தில், பின்னிருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் பாட்டுப் பாடியபடி ஓட்டிப் போகிறார். அவரைத் தாண்டி, தொப்பி அணிந்த ஒரு தாத்தாவும் பாட்டியும் ஒரே வேகத்தில் ஜோடியாகப் போகிறார்கள். ஒரே மலையை இருவிதமாகவும் அனுபவிக்கலாம், இரண்டிலும் குறைவில்லை.

சேன் ஜோரியோவில் பாதை ஏரியை விட்டுச் சற்று உள்ளே விலகி, வீடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே போகும். ஏரியைக் காணோமே என்று ஏங்கத் தொடங்கும் நேரத்தில் துவான் வந்துவிடும். இந்தப் பாதையின் உயிர்நாடி இந்த ஊர். ஏரி இடுப்பு சிறுத்து ஒடுங்கும் இடத்தில், தண்ணீருக்குள் நீண்ட நிலமுனையில், மரங்களுக்கிடையே ஒரு கோட்டை. 1896 கோடையில் எதிர்க்கரையில் இருக்கும் தலுவாரில் தங்கியிருந்த ஓவியர் போல் செசான் இந்தக் கோட்டையைத்தான் தண்ணீருக்கு அப்பாலிருந்து தீட்டினார். அந்த ஓவியம் லண்டனில், கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் கண்ட நீலமும் பச்சையும் மிகை என்று நினைத்திருந்தவர்கள் இங்கே வந்து நின்றால் கருத்தை மாற்றிக்கொள்வார்கள்.

துவானில்தான் ஒரு சுரங்கமும் இருக்கிறது. ரயிலுக்காகக் குடைந்த பாதை, இருநூறு மீட்டருக்குள்தான் நீளம். வெயிலில் வேர்த்து வந்த உடம்பு உள்ளே நுழைந்ததும், கோடையில் மண்பானைத் தண்ணீரைக் குடித்ததுபோல் சட்டென்று குளிர்கிறது. கல்சுவரில் ஈரம் மின்னுகிறது. முன்னால் போகிற சிறுவன் சைக்கிள் மணியை அடிக்கிறான். அது சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அவன் சிரித்துவிட்டு மறுபடி அடிக்கிறான். என் பங்குக்கு நானும் அடித்தேன்! மறுமுனையில் வெளியே வந்தால் காட்சியே மாறிவிடுகிறது. அகன்ற பெரிய ஏரி பின்னால் நின்றுவிட, மலைகள் இருபுறமும் நெருங்கி வந்து சூழ்ந்த சின்ன ஏரி முன்னால் விரிகிறது. எதிரே 2,351 மீட்டர் உயரத்தில் லா தூர்னெட் சிகரம், வெறும் சாம்பல் நிறப் பாறையாக வானத்தில் ஏறி நிற்கிறது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே இந்தப் பாதைக்கு வரலாம்.

ஏரி முடியும் இடத்தில் நாணல் காடும் சதுப்பு நிலமும் கொண்ட இயற்கைக் காப்பகம் இருக்கிறது. 1974-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு மரப்பலகை நடைபாதையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். அடுத்த ஊர் தூஸார். மேலே ஃபோர்க்ளாஸ் கணவாயிலிருந்து குதிக்கும் பாராகிளைடர்கள் எல்லாம் வந்து இறங்கும் புல்வெளி இங்கேதான். ரொட்டியும், பக்கத்துத் தோன் பள்ளத்தாக்கின் ரெப்லோஷோன் சீஸும் வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று தலைக்கு மேலே வட்டமிட்டு இறங்குகிறார்கள். காலைத் தரையில் ஊன்றி நாலு எட்டு ஓடி நிற்கும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷம் பார்க்கிறவர்களையும் தொற்றிக்கொள்கிறது.

பெரும்பாலோர் இங்கிருந்து திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள்! இனிமேல் கூட்டம் குறைந்து, உழவர்களின் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. மேயும் பசுக்களின் கழுத்துமணி, புதிதாக அறுத்த புல்லின் மணம், அகலமான கூரை வைத்த மர வீடுகள். ஏரியின் மட்டம் கடலுக்கு மேலே 447 மீட்டர். ஃபவேர்ஜ் ஊரில் சுமார் 500. இடையிலே ஏறுவதைக் கால் உணர்வதுகூட இல்லை. ஆனால் அந்த ஊரையொட்டி ஒரு பெரிய சங்கதி நடக்கிறது. இந்தப் பக்கத்து ஓடைகள் பின்னால் ஏரிக்குப் போகின்றன. அந்தப் பக்கத்து ஷேஸ் ஆறு முன்னால் ஓடி, யூஜினில் ஆர்லி ஆற்றோடு சேர்ந்து, இசேர் ஆற்றை நோக்கிப் போகிறது. பிரிந்த தண்ணீர் இரண்டும் நெடுந்தூரம் சுற்றி, கடைசியில் ரோன் ஆற்றில் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு நீர்ப்பிரிமேட்டைச் சைக்கிளில் இவ்வளவு சாதாரணமாகக் கடந்துபோகும் பாக்கியம் வேறு எங்கே கிடைக்கும்?

அதற்குப் பிறகு சைக்கிளே நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. 2,400 மீட்டரைத் தாண்டிய ஷார்வேன் சிகரம் இடப்பக்கம் துணை வர, எஃகு ஆலைகளுக்குப் பேர்போன யூஜினைத் தாண்டினால், 1992 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஆல்பர்வில். அங்கே களைப்பில்லாமல் வந்து நின்று, அடுத்து எங்கே போகலாம் என்று யோசிக்கும் தெம்பு மிச்சமிருக்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் அருமை; ஜூலை, ஆகஸ்டில், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஏரிக்கரைப் பகுதி நிரம்பி வழியும், விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். சாதாரண சைக்கிளும் மின்சைக்கிளும் அன்சியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் கை இடப்பக்கம் இழுக்கும்; அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சாலைகளைக் கடக்கும் இடங்களில் நின்று பார்த்துப் போங்கள். கிழக்குக் கரை வழியாக ஏரியை முழுச்சுற்றுச் சுற்றவும் முடியும், ஆனால் அந்தப் பக்கம் ஏற்றம் உண்டு. முதல் முறைக்கு மேற்குக் கரையே போதும்.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் அன்சி நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாரிசிலும் சுவிட்சர்லாந்திலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தால் ஐஃபல் கோபுரத்தைக் காட்டுங்கள், சரி. மறுநாளே அவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அன்சிக்குக் கிளம்புங்கள். சைக்கிள் மிதிக்கத் தெரிந்த யாருக்கும் ஆல்ப்ஸ் திறந்து கிடக்கிறது. வயதைக் காரணம் சொல்லி யாரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்!