காலண்டர் லட்சுமி

தேதிக் கட்டு தீர்ந்ததும் காலண்டரைத் தூக்கிப் போடுகிறவர்கள் எங்கள் கரிசல் பக்கம் குறைவு. மேலே இருக்கும் தகரப் பட்டையை நெம்பிக் கழற்றி, கடைப்பெயரைக் கத்தரித்துவிட்டு, படத்தை மட்டும் அட்டையில் மைதாப் பசை தடவி ஒட்டுவார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவ வேண்டும். அவசரப்பட்டால் லட்சுமியின் கன்னத்தில் கொப்புளம் விழும். வசதியிருந்தால் கண்ணாடிச் சட்டம், இல்லையென்றால் ஓரத்தில் ஜிகினாத் தாள். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் ஏறிவிடும்.

அந்தப் படங்களில் பல பிறந்ததே கோவில்பட்டியில்தான். நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) இங்கே தங்கிவிட்டார். அவரும் சுப்பையா, ராமலிங்கம் முதலிய சீடர்களும் வரைந்தவை சிவகாசி அச்சகங்கள் வழியே ஊர் ஊராகப் போயின. தூண், மடிப்பு விழுந்த திரை, தாமரைக்குளம் என்று சாமிக்குப் பின்னால் ஒரு நாடக மேடையே நிற்கும். காலண்டர் படம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பிதுக்கட்டும். வெயில் பட்டுச் சிவப்பெல்லாம் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சினாலும் அந்த முகத்தின் களை போவதில்லை.

போன வருஷம் கடையில் கொடுத்தது வெறும் தங்க நெக்லஸ் படம். பழைய முருகனே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.