செந்நாயின் பின்னே நடந்தவர்

ஒட்டன்சத்திரத்திலிருந்து தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் தெரியும். அக்காடுகளில் வாழும் விலங்குகளுள் செந்நாயும் ஒன்று. நம் முன்னோர் இதற்கு நல்ல பெயர் கொடுக்கவில்லை. வெள்ளையர் ஆட்சியிலோ இதைக் கொன்றவருக்குச் சன்மானமே வழங்கினார்கள். இரை உயிரோடிருக்கும்போதே தின்னத் தொடங்கிவிடும் என்பதுதான் இதன்மேல் சொல்லப்பட்ட பெரிய குற்றம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே இதற்குப் பாதுகாப்புக் கிடைத்தது.

இந்தப் பழியை ஆராய்ச்சியால் எடை போட்டவர் ஏ. ஜே. டி. ஜான்சிங் (1945–2024). நெல்லைச் சீமையின் நாங்குனேரியில் பிறந்தவர். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டத்தைக் கால்நடையாகவே தொடர்ந்தார்.

அவருடைய முறையைக் கவனியுங்கள். வேட்டையைக் கண்ணால் காண்பது அரிது. ஆகவே, கொல்லப்பட்ட இரையின் மிச்சத்தைத் தேடினார். எச்சங்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த மயிரைக் கொண்டு எந்த விலங்கு உணவாயிற்று என்று கண்டார். புள்ளிமானே முக்கிய இரை என்று தெரிந்தது. குட்டிகளுக்குக் கூட்டமே உணவைக் கக்கி ஊட்டுவதையும் அவர் எழுதினார். 'கொடியது' என்ற சொல் அவருடைய கட்டுரைகளில் வேலையற்றுப் போகிறது. அவ்வளவு நிதானம்! 1992இல் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் இரையை எப்படித் தேர்கின்றன என்று ஒப்பிட்டு எழுதியதும் இந்த உழைப்பின் விளைவே.

குறையும் உண்டு. ஒரு கூட்டத்தை இரண்டே ஆண்டுகள் கண்டதை வைத்து நம் பழனி மலைச் செந்நாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மான் அடர்ந்த பந்திப்பூர் வேறு, இங்குள்ள காடு வேறு. அவரைப் படித்தவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

1985இல் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்தில் சேர்ந்து 2005இல் ஓய்வு பெற்றார். 2015இல் வெளிவந்த மேற்குத் தொடர்ச்சி மலை நடைப்பயண நூல் அவருடைய எழுத்தில் எளிதாகப் படிக்கத்தக்கது. ஆயினும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வழியில் விலங்கியல் படிக்கும் ஒட்டன்சத்திரத்து மாணவனுக்கு, தன் மொழியில் பேசி வளர்ந்த ஒருவரின் நூலே எட்டாக்கனியாகிறது. பதிப்பாளர்கள் அந்த நூலை மொழிபெயர்க்க முன்வந்தால், எச்சத்தையும் காலடித் தடத்தையும் படிக்கும் பகுதிகளைச் சுருக்காமல் கொடுக்க வேண்டும். சாகசக் கதைகளை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளட்டும்.