பூங்கா திறந்த தேதி

பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவை யாரும் லேசில் குறை சொல்லிவிட முடியாது. சாக்கடை கலந்துகொண்டிருந்த ஏரிக்கு, சுமார் 28 கோடி ரூபாய் செலவில் நடைபாதையும் படகும் வந்தன. சாயங்காலம் பாதி ஆவடி அங்கேதான் நடக்கிறது, நானும்தான். என் விமர்சனம் பூங்காவின் மேல் இல்லை, அதன் தேதியின் மேல்.

பூங்கா திறந்தது 2019 ஜூனில். ஆவடி மாநகராட்சி ஆனதும் அதே மாதம்தான். அப்போது ஊரில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தச் சொல்கிறது அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம். இங்கே இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று இழுத்துக்கொண்டே போனது. நிர்வாகம் தனி அலுவலர் கையில் இருந்தது.

“அதான் வேலை நடந்துச்சுல்ல, அப்புறம் என்ன?” என்று கேட்பார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவனுக்குத் தெரியும்: எதைச் செய்தோம் என்பதைவிட எதை முதலில் செய்தோம் என்பதில்தான் சண்டையே. ஏரியா, பாதாளச் சாக்கடையா, தெருவிளக்கா? செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்ப்பார். இந்த வரிசையைக் கேள்வி கேட்க வார்டில் ஓட்டு வாங்கிய ஆள் வேண்டும்.

1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி, நாட்டுக்கே சோஷலிச பாணி சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்ட ஊர் இது. தன் தெருவுக்குத் தீர்மானம் போட ஐந்து வருடத்துக்கும் மேல் ஆளில்லாமல் இருந்தது.

2022இல் தேர்வான மன்றத்தின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.