மார்க் ருவெயின் படைத்த நதியும் கரையும்

சிறுவர்க்குரியதென்று ஒருமுறை பெயர் பெற்றுவிட்ட நூலை முதிர்ந்தோர் மீட்டும் எடுத்துப் பயிலுதல் அரிது. அமெரிக்க நாவலாசிரியருட் புகழ் மிக்கவரான மார்க் ருவெயின் இயற்றிய ‘ஹக்கிள்பரி ஃபின்னின் வீரச்செயல்கள்’ என்னும் நூலுக்கு நேர்ந்த கதி இதுவே. அதன் நகைச்சுவை போற்றப்படுகின்றது. அந்நகைச்சுவையின் அடியிலே கிடக்கும் வினா கேட்கப்படாமற் போகின்றது. தன்னைச் சூழ்ந்த சமுதாயம் முழுவதும் அறமென்று போற்றுவது அறமன்றாயின், முறையான கல்வி பெறாத ஒரு சிறுவன் அதனை எவ்வாறு உணர்வான்? இவ்வினாவே அந்நூலின் உயிர். ஆசிரியர் அதனை இறுதிவரை தாங்கிச் சென்றாரா என்பதே திறனாய்வாளர் ஆராய வேண்டியதாகும்.

ருவெயினின் இயற்பெயர் சாமுவேல் லாங்ஹோண் கிளெமென்ஸ் என்பது. அவர் 1835 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆந் திகதி மிசூரி மாநிலத்துப் புளோரிடா என்னும் சிற்றூரிற் பிறந்தார். சில ஆண்டுகளில் அவர் குடும்பம் மிசிசிப்பிக் கரையிலுள்ள ஹனிபல் என்னும் ஊரிற் குடியேறிற்று. மிசூரி, அடிமை முறையைச் சட்டத்தால் அங்கீகரித்த மாநிலம்; அவர் தந்தையாரும் அடிமைகளை உடையவராயிருந்தவரே. பதினொரு வயதிலே தந்தையை இழந்த கிளெமென்ஸ் அச்சுத் தொழில் பயின்றார். பின்னர் நதியில் நீராவிக் கப்பலோட்டக் கற்று 1859 இல் அனுமதிப்பத்திரம் பெற்றார். 1861 இல் மூண்ட உள்நாட்டுப் போர் நதிப் போக்குவரத்தை நிறுத்தவே, நெவாடாவுக்குச் சென்று பத்திரிகையாளரானார். 1863 இல் அவர் பூண்ட புனைபெயரும் நதி தந்ததே. நீர் இரண்டு பாகம், அஃதாவது பன்னிரண்டு அடி, ஆழமுடையது என்று ஆழம் பார்ப்போர் கூவி அறிவிக்குஞ் சொல்லே அப்பெயராயிற்று.

1876 இல் வெளிவந்த ‘ரொம் சோயர்’ என்னும் நாவலை ருவெயின் தமது குரலிலேயே கூறினார். அவ்வாண்டிலேயே தொடங்கி, இடையிடையே கைவிட்டு, 1883 இல் நிறைவு செய்த ‘ஹக்கிள்பரி ஃபின்’னிலோ கதை கூறும் பொறுப்பைக் குடிகாரன் மகனாகிய ஹக்கிடமே ஒப்படைத்தார். இலக்கணம் பிழைத்த அவன் பேச்சே நூலின் நடையாயிற்று. நூல் 1884 டிசெம்பரில் இலண்டனிலும் 1885 பெப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அது பண்பற்றதென்று கருதிய கொங்கோட் நகர் நூலகத்தார் அவ்வாண்டே அதனை விலக்கினர். அவர்கள் இகழ்ந்த பேச்சு நடையே நூலின் பெருவலிமை என்பதைக் காலம் காட்டிற்று. ஹக் தான் கண்டதைக் கூறுவானேயன்றி அதன் பொருளை விளக்கான். தலைமுறை தலைமுறையாய்ப் பகை கொண்ட இரு குடும்பத்தார் துப்பாக்கிகளுடன் தேவாலயத்தில் அமர்ந்து சகோதர அன்பு பற்றிய பிரசங்கத்தைக் கேட்டனர் என்கிறான். பிரசங்கம் நன்றாயிருந்ததென்று அவர்கள் பாராட்டியதையும் சொல்கிறான். அங்கதம் அவன் அறியாமலே பிறக்கின்றது.

தந்தையின் கொடுமைக்குத் தப்பிய ஹக்கும், நியூ ஓர்லியன்சுக்கு எண்ணூறு டொலருக்கு விற்கப்படவிருந்தமையறிந்து ஓடிய அடிமை ஜிம்மும் ஒரு தெப்பத்தில் நதிவழிச் செல்கின்றனர். அங்கு நிகழ்வனவற்றுள் தலையாயது மூடுபனி நிகழ்ச்சியாகும். பனியில் இருவரும் பிரிந்துபோகின்றனர். மீண்டு வந்த ஹக், பிரிவெல்லாம் கனவென்று கூறி ஜிம்மை ஏய்க்கிறான். உண்மை உணர்ந்த ஜிம், தன் பொருட்டு நெஞ்சுடைந்திருந்த நண்பனை நகைப்புக்கு இடமாக்குவோன் இழிந்தவன் என்னுங் கருத்துப்படக் கடிந்துரைத்து அகல்கிறான். கால்மணி நேரம் தன்னோடு போராடிய பின்னர் ஹக் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஜிம் நகைப்புக்குரிய பொருளல்லன், மானமுள்ள மனிதன் என்பது இவ்விடத்தில் ஹக்குக்கும் வாசகருக்கும் ஒருங்கே புலனாகின்றது.

நூலின் உச்சம் 31 ஆம் அதிகாரத்தில் வருகின்றது. ஜிம்மை வஞ்சகர் நாற்பது டொலருக்கு விற்றுவிடுகின்றனர். அவன் இருக்குமிடத்தை உடையவளுக்குத் தெரிவிக்குங் கடிதத்தை எழுதிய ஹக், பாவஞ் சுமந்த நெஞ்சு தூய்மையுற்றதாக மகிழ்கிறான். உடனே நதியிற் கழிந்த நாள்களும் ஜிம்மின் அன்பும் நினைவில் எழுகின்றன. நரகமே கிடைப்பினும் கிடைக்க என்று துணிந்து கடிதத்தைக் கிழித்துவிடுகிறான். தான் செய்வது நன்றென்று அவன் ஒருகணமும் எண்ணவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. அவனுடைய மனச்சான்று அடிமை முறையின் சார்பிலே பேசுகின்றது; நெஞ்சம் மட்டும் அதனை மீறுகின்றது. நல்ல நெஞ்சமும் திரிபுற்ற மனச்சான்றும் மோத, மனச்சான்று தோற்கும் நூலென்று ருவெயினே 1895 இல் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

இத்துணை உயரம் ஏறிய நூல் அடுத்து என் செய்கின்றது? 33 ஆம் அதிகாரத்தில் ரொம் சோயர் வந்து சேர்கிறான். எளிதில் விடுவிக்கக்கூடிய ஜிம்மை, தான் படித்த வீரக்கதைகளின் முறைப்படியே மீட்கவேண்டுமென்று சிறையிற் பாம்புகளையும் எலிகளையும் புகுத்துகிறான். ஜிம்மை உடையவள் இறக்கும்போதே அவனுக்கு விடுதலை எழுதிவைத்துவிட்டாள் என்பது ரொம்முக்கு முன்னமே தெரியும். விடுதலை பெற்ற மனிதன் விளையாட்டுக்காக விலங்கிடப்பட்டிருந்தான். ஹக் சிறிது முணுமுணுத்தபின் அனைத்துக்கும் உடன்படுகிறான்.

இப்பகுதி பற்றி அறிஞர் வேறுபட்டனர். ஜிம் திருடப்படும் இடத்தோடு வாசகர் நிறுத்திவிடலாமென்று எமிங்வே 1935 இல் எழுதினார். நூல் தொடங்கிய நிலைக்கே மீள்வது பொருத்தமென லயனல் ட்ரிலிங்கும் ரி. எஸ். எலியற்றும் காத்துரைத்தனர். அவ்விருவரையும் மறுத்து, இம்முடிவு நூலின் அறப்பொருளையே கைவிட்டதென லியோ மாக்ஸ் 1953 இல் வாதிட்டார்.

இவ்வழக்கில் ஹக்கை மட்டும் நோக்கித் தீர்ப்பளித்தல் பொருந்தாது. நதியிலே தனித்து நின்று வென்ற சிறுவன், கரையிலே தன்னினும் உயர்ந்தவனாக மதிக்கும் நண்பன் முன் பணிதல் உலகியல்பே. அதனைக் குற்றமெனல் இயலாது. அங்கதமும் முற்றாக அழியவில்லை. காயமுற்ற ரொம்முக்காகத் தன் விடுதலையையே துறந்து ஜிம் மருத்துவருக்கு உதவியதை அறிந்த கரையோர், அவனை வைவதை நிறுத்தினரேயன்றி விலங்கைக் கழற்ற எண்ணினாரல்லர். இஃது ஆசிரியர் விழித்திருந்து எழுதிய இடம். குறை ஜிம்மின் படைப்பிலேயே உள்ளது. மூடுபனியில் ஒரு சிறு ஏமாற்றைப் பொறுக்காது கடிந்துரைத்தவன், பல வாரம் தன்னை ஏய்த்த ரொம் நாற்பது டொலர் கொடுத்தபோது ஒரு சொல்லுங் கடியாது களிக்கிறான். வஞ்சகர் அவனை விற்ற விலையும் அந்நாற்பதே. தொகை ஒத்திருப்பதை வாசகர் காண்கிறார்; ஜிம் காணுமாறு ஆசிரியர் விடவில்லை. ஹக் கரைக்குத் திரும்பியதால் நூல் தாழவில்லை. ஜிம்மின் குரலை நதியிலேயே விட்டுவந்ததால் தாழ்ந்தது.

அறக்கடன் இன்னதென்று ருவெயின் அறியாதவரல்லர். 1894 இல் வணிகத்தில் நொடித்த அவர், சட்டம் வற்புறுத்தாதபோதும் கடனனைத்தையும் தீர்க்க உலகெங்கும் சொற்பொழிவாற்றிச் சென்றார். 1896 இல் கொழும்பையும் கண்டார். 1898 அளவிற் கடனை முற்றாகத் தீர்த்தார். 1910 ஏப்பிரல் 21 இல் மறைந்தார். ஜிம்முக்கு அவர் தீர்க்காது விட்ட கடனைத் தீர்க்கப் பிறரொருவர் வரவேண்டியிருந்தது. பேர்சிவல் எவரெற் 2024 இல் வெளியிட்ட ‘ஜேம்ஸ்’ என்னும் நாவலில் ஜிம்மே கதை கூறுகிறான். அது 2025 இல் புலிற்சர் பரிசு பெற்றது. மூலநூலின் குறையை உணர்ந்தோர் அதன் பெருமையையும் ஒருங்கே உணர்வர். மூடுபனியில் ஜிம்முக்கு வாய் தந்தவர் ருவெயினே. அவ்வாய் பின்னர் அடைபட்டதைக் கண்டு வருந்தவும் அவரே கற்பித்தார்.