எதிரொலி சொல்லும் மீட்டர்

திருவட்டாற்றில் மண் காய்வது அரிது. கோதையாறும் பரளியாறும் ஊரை வளைத்து ஓடுகின்றன. இடவப்பாதியில் ஒரு மழை, துலாத்தில் இன்னொரு மழை. அந்த ஈரத்துக்குள் கிடக்கும் தொலைபேசிக் கேபிளில் பழுதைத் தேட டி.டி.ஆர். (டைம் டொமைன் ரிஃப்ளெக்டோமீட்டர்) கருவியை நம்புகிறோம். எந்தப் பழுது அதன் கண்ணில் படும், எது படாது என்று பிரித்துப் பார்க்காமலே மண்வெட்டியை எடுப்பதுதான் என்னை உறுத்துகிறது.

கருவி கேபிளின் ஒரு கம்பி ஜோடிக்குள் மின்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. துடிப்பு மைக்ரோ நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் ஓடும். கம்பி அறுந்திருந்தால் திரையில் கோடு மேலே எழும். இரண்டு கம்பியும் ஒட்டி லூப் ஆகியிருந்தால் கீழே இறங்கும். சாலையோரம் ஜே.சி.பி. கேபிளை அறுத்த இடத்தைச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். கம்பியின் தடையை வைத்துப் பழுதின் தூரத்தைக் கணிக்கும் பழைய மர்ரே பிரிட்ஜுக்குத் துணையாக ஒரு நல்ல கம்பி வேண்டும், இதற்கு வேண்டாம். நல்ல ஜோடியின் கோட்டையும் கெட்ட ஜோடியின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டும் பிரியும் இடம் பளிச்சென்று தெரியும். இது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை.

ஆனால் மழை கொண்டுவரும் பழுது 'லோ இன்சுலேஷன்', அதாவது காப்பு தளர்ந்து மின்சாரம் கசிவது. ஜெல்லி அடைத்த கேபிளுக்குள் நீர் எளிதில் பரவாது. ஜாயிண்டில் புகுந்து தங்கும். பேச்சில் கரகரப்பு, காப்புத் தடையை அளக்கும் மெக்கரில் குறைந்த அளவு, டி.டி.ஆர். திரையிலோ ஒன்றும் இல்லை. கணக்கு போட்டாலே காரணம் புரியும். 100 ஓம் மின்மறிப்புள்ள ஜோடியில் கசிவுத் தடை 1,000 ஓம் என்றால், துடிப்பில் சுமார் 5 விழுக்காடு திரும்பும். கசிவுத் தடை 50,000 ஓம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதைவிடப் பெரிதாகத் தெரிவது பழுதில்லாத ஜாயிண்டின் சிறு மேடு. அதைப் பழுதென்று எண்ணித் தோண்டினால், நல்ல ஜாயிண்டுக்குள்ளும் தண்ணீரை விட்டவர்களாவோம். இங்கே பிரிட்ஜ்தான் கைகொடுக்கும். அதை அலமாரிக்குள் பூட்டக் கூடாது.

இன்னொன்று, கருவி அளப்பது நேரத்தை மட்டும். மீட்டர் கணக்கு, நாம் கொடுக்கும் வேகக் காரணியிலிருந்து, அதாவது ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கில் துடிப்பு ஓடுகிறது என்ற எண்ணிலிருந்து வருகிறது. 0.64 வைக்க வேண்டிய கேபிளுக்கு 0.67 வைத்தால், 800 மீட்டரில் இருக்கும் பழுது ஏறக்குறைய 37 மீட்டர் தள்ளித் தெரியும். ரப்பர் தோட்டத்து ஓரத்தில், கொட்டும் மழையில், அந்த 37 மீட்டரையும் ஒருவர் வெட்ட வேண்டியிருக்கும். மறுமுனைக்கும் போய் அளந்து, இரண்டு அளவின் கூட்டுத்தொகையைக் கேபிளின் நீளத்தோடு ஒப்பிட்டால் பிழையின் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும். அந்த ஒரு நடைக்குச் சோம்பினால் வெட்டுகிறவர் முதுகுதான் வலிக்கும்.

கேபிளின் நீளமும் தரைமேல் நடக்கும் தூரமும் ஒன்றல்ல. ஜாயிண்டில் சுருட்டி வைத்த மிச்சம், சாலையை அகலப்படுத்தியபோது மாற்றிய வழி, இப்படிப் பலவும் லைன்மேன்களின் நினைவில்தான் இருந்தன. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லிலிருந்து விருப்ப ஓய்வில் போனவர்கள் ஏறத்தாழ 78,000 பேர். எத்தனை ஊர்களின் கேபிள் வழி அவர்களோடு போயிற்றோ! இனித் திறக்கும் ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் திரை காட்டிய மீட்டர், தோண்டிக் கண்ட மீட்டர், பக்கத்திலுள்ள கலுங்கு அல்லது மதில் என்று மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.